வேலைநீக்கம் நியாயமா? தீர்ப்பாயத்தின் முன் வழக்கை நடத்தும் முறை

ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவு நியாயமானதா என்று ஆராய உட்காருகிற தீர்ப்பாயத்தின் முன் நிற்கும் கேள்விகள் இரண்டு. அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் மெய்யாகவே நிகழ்ந்ததா என்பது முதலாவது. நிகழ்ந்தது என்றே கொண்டாலும், அதற்காக அவருடைய ஜீவனத்தையே பறித்துவிடுவது தகுமா என்பது இரண்டாவது. தொழிலாளர்களும் அவர்களுக்காகப் பேசவரும் சங்கத்தினரும் பெரும்பாலும் முதற்கேள்வியிலேயே தங்கள் சக்தி முழுவதையும் செலவிட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்கு வேண்டிய அத்தாட்சிகளை யாரும் தேடி வைப்பதில்லை. குற்றம் ஓரளவு நிரூபணமாகிவிட்டது என்று தெரிந்தவுடன் வழக்கே தோற்றுப்போயிற்று என்று மனமுடைந்து, கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் பலர். அவர்களில் கணிசமானோர் வேலைக்கே திரும்பியிருக்கக் கூடியவர்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே இரண்டாவது கேள்விக்கான ஆயத்தம், குற்றச்சாட்டு மெமோ கைக்கு வந்த அன்றே தொடங்கவேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் அதிகாரம் நம் நாட்டுத் தீர்ப்பாயங்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. சென்னையில் 1918ஆம் ஆண்டு வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று மதராஸ் தொழிற்சங்கத்தை அமைத்த காலத்தில், எஜமானன் ஒருவனைப் போ என்றால் போகவேண்டியதுதான். ஒப்பந்தத்தை மீறி அனுப்பியிருந்தால் நஷ்டஈடு கேட்கலாமே ஒழிய, மறுபடி வேலையில் சேர்த்துக்கொள் என்று கட்டளையிட எந்த நீதிமன்றமும் முன்வராது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அந்த நிலையை மாற்றியது. மீண்டும் வேலைக்கு அமர்த்தும்படி உத்தரவிடத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு என்பதை 1949இல் ஃபெடரல் கோர்ட்டும் உறுதிசெய்தது. ஆயினும், 1958இல் இந்தியன் அயர்ன் அண்டு ஸ்டீல் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த அதிகாரத்திற்கு எல்லை வகுத்தது: நிர்வாகத்தின் நடவடிக்கையில் நல்லெண்ணம் இல்லாதிருந்தால், பழிவாங்கும் நோக்கம் இருந்தால், இயற்கை நீதி மீறப்பட்டிருந்தால், அல்லது சாட்சியத்துக்குச் சற்றும் பொருந்தாத முடிவு காணப்பட்டிருந்தால் மாத்திரமே தலையிடலாம், தண்டனை கடுமையானது என்ற ஒரே காரணத்துக்காகத் தலையிட வழியில்லை. 1971 டிசம்பர் 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 11ஏ பிரிவுதான் இந்தக் கதவைத் திறந்தது. தண்டனை மிகையானது என்று கண்டால் அதை ரத்துசெய்து, தக்க நிபந்தனைகளுடன் வேலைக்குத் திருப்பியனுப்பவோ, வேறு சிறு தண்டனை விதிக்கவோ தீர்ப்பாயத்திற்கு அன்றுமுதல் உரிமை பிறந்தது. அந்தப் பிரிவின் பொருளை 1973ஆம் ஆண்டு ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி வழக்கில் உச்சநீதிமன்றம் விரித்துரைத்தது. இப்பொழுது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல், 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் பெற்றிருக்கிறது. பிரிவு எண்கள் மாறின. சில கால வரையறைகளும் மாறின. மேலே சொன்ன அதிகாரம் மாறவில்லை.

இனி மெமோவுக்கு வருவோம். மில்லிலும் பட்டறையிலும் மெமோ என்று சொல்லப்படும் அந்தக் காகிதத்தைக் கண்டதும் ஆத்திரத்தில் வாங்க மறுத்துவிடுவது நம் தொழிலாளர்களிடையே பரவலாகக் காணப்படும் பழக்கம். மறுப்பதால் வரும் லாபம் ஒன்றுமில்லை. மறுத்தார் என்று இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, அதையே மற்றொரு குற்றமாக நிர்வாகம் சேர்த்துக்கொள்ளும். வாங்கிக்கொண்டு, தேதியையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட்டு, அவகாசத்துக்குள் பதில் கொடுப்பதே முறை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நூற்பாலை ஒன்றில் பதினான்கு வருஷமாக ஸ்பின்னிங் மெஷினைக் கவனிக்கும் சைடராக இருக்கும் ஒருவருக்கு, "கடந்த சில தினங்களாக நீர் மேஸ்திரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதுடன் வேலையிலும் அசட்டையாக இருந்துவருகிறீர்" என்று மெமோ வருகிறது. எந்தத் தினம், எந்த ஷிப்ட், எந்த மெஷினருகில், என்ன சொன்னார், யார் கேட்டார்கள் என்று அதில் ஒன்றுமில்லை. இத்தகைய குற்றச்சாட்டுக்கு, "நான் ஒரு தவறும் செய்யவில்லை, மன்னிக்கவும்" என்று எழுதிக் கொடுப்பதைப்போன்ற ஆபத்து வேறொன்றில்லை. தவறு செய்யாதவர் மன்னிப்பு ஏன் கேட்கவேண்டும் என்ற கேள்விக்குப் பிற்பாடு கூண்டில் நின்று பதில்சொல்ல நேரும். அவர் எழுதவேண்டிய பதில் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "தங்கள் மெமோவில் தேதி, நேரம், இடம், கூறியதாகச் சொல்லப்படும் சொற்கள் ஆகியவை குறிப்பிடப்படவில்லை. அவற்றையும் மேஸ்திரி கொடுத்த புகாரின் நகலையும் தந்தால் முழுமையான விளக்கம் அளிப்பேன். இப்போதைக்குக் குற்றச்சாட்டை மறுக்கிறேன். பதினான்கு வருஷ சர்வீஸில் இதற்கு முன் எனக்கு எவ்வித மெமோவும் வந்ததில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்." கடைசி வாக்கியத்தைக் கவனிக்கவேண்டும். இரண்டாவது கேள்விக்கான முதல் அத்தாட்சி அங்கே, நிர்வாகத்தின் கோப்பிலேயே, ஏறிவிடுகிறது. அதை நிர்வாகம் மறுக்காமலிருந்தால் அந்த மௌனமே பின்னால் பேசும். பதிலை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அந்த ஒப்புகையை நகலுடன் சேர்த்துத் தைத்து வைக்கவேண்டும். மேஸ்திரி திட்டியதால் இவர் எதிர்த்துப் பேசினார் என்பது உண்மையானால், விவரங்கள் கிடைத்தபின் எழுதும் விளக்கத்தில் அதையும் மறைக்காமல் எழுதுவதே மேல். ஆத்திரமூட்டப்பட்டு நிகழ்ந்த குற்றம் என்பது தண்டனையைக் குறைக்கும் காரணங்களில் முக்கியமானது. முழு மறுப்புக்குள் ஒளிந்துகொண்டால் அந்தக் காரணத்தைப் பிற்பாடு வெளியே எடுக்கவே முடியாது.

மெமோவோடு விசாரணை முடியும்வரை சஸ்பெண்டு செய்யப்பட்டவர் பிழைப்பூதியம் பெற உரிமையுள்ளவர். முதல் 90 நாள் பாதிச் சம்பளமும், தாமதம் தொழிலாளியால் நேராதவரை அதன்பிறகு முக்கால் சம்பளமும் என்பது, ஸ்தாபனத்தின் வேலை விதிகளைப் பற்றிய நிலையாணைச் சட்டம் செய்த ஏற்பாடு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் 180 நாளுக்குப் பின் முழுச் சம்பளமே வகுத்தது. பிழைப்பூதியம் கொடுக்கப்படாத மாதங்களுக்கு அவ்வப்போது எழுதிக் கேட்டு வைக்கவேண்டும். பிழைப்பூதியம் தராமல் நடத்தி முடித்த விசாரணை, தற்காத்துக்கொள்ள வசதியில்லாதவனிடம் நடத்திய விசாரணை என்ற கருத்தை, கோலார் தங்கவயலில் எழுந்த ஒரு வழக்கில் 1999ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

நிர்வாகமே நடத்தும் உள் விசாரணையைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் வேலைநீக்க வழக்குகளில் பாதி அது நடக்கும் சிறிய அறையில் தீர்மானமாகிவிடுகின்றன. அந்த விசாரணை எப்படி நடக்கவேண்டும் என்பதை 1963ஆம் ஆண்டு சுர் எனாமல் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக வகுத்துரைத்தது. குற்றச்சாட்டு தொழிலாளிக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்பட்டிருக்கவேண்டும். சாட்சிகள் அவர் முன்னிலையில் விசாரிக்கப்படவேண்டும். அவர்களைக் குறுக்குவிசாரணை செய்ய அவருக்குச் சந்தர்ப்பம் வேண்டும். தம் தரப்புச் சாட்சிகளை அழைக்கவும், விரும்பினால் தாமே சாட்சி சொல்லவும் இடம்கொடுக்கவேண்டும். விசாரணை அதிகாரி தம் முடிவைக் காரணங்களுடன் அறிக்கையாக எழுதவேண்டும். எழுதிவைத்த இந்த நியதிகள் அறைக்குள் எவ்வாறு நழுவுகின்றன என்பதை அருகிருந்து பார்த்தவர்களுக்கே தெரியும். மேஸ்திரியின் எழுத்துமூலமான புகாரையே அவருடைய முதல் விசாரணையாகக் கொள்வதாகச் சொல்லி, "இது நீங்கள் எழுதியதுதானே?" என்று கேட்டு, "ஆம்" என்று பதிந்துகொண்டு, "குறுக்குவிசாரணை உண்டா?" என்று தொழிலாளியின் பக்கம் திரும்புவார்கள். அவர் அந்தப் புகாரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். என்ன கேட்பதென்று திகைத்து நிற்கும்போது, "குறுக்குவிசாரணை இல்லை" என்று அதிகாரி டைப் செய்யச் சொல்வார். காகிதம் வெளிவந்ததும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கப்படும். அந்தக் கணத்தில் தொழிலாளி செய்யவேண்டியது, கையெழுத்துக்கு மேலே தம் கையால், "புகாரின் நகல் இன்றுதான் காட்டப்பட்டது, படித்துக் கேள்வி தயாரிக்க அவகாசம் கேட்டேன், மறுக்கப்பட்டது" என்று எழுதுவதுதான். கையெழுத்துப் போட மறுத்து வெளிநடப்புச் செய்தால், அதன்பிறகு நடப்பதெல்லாம் அவரில்லாமலே செல்லுபடியாகும். ஆங்கிலத்தில் நடவடிக்கைகளைப் பதிவுசெய்தால், தமக்குத் தெரிந்த தமிழில் படித்துக் காட்டும்படியோ, தமிழிலேயே எழுதும்படியோ முதல் நாளே எழுத்தில் கேட்கவேண்டும். வழக்கறிஞர் வரும் உரிமை சாதாரணமாகக் கிடையாது. சக தொழிலாளி அல்லது சங்க நிர்வாகி உடனிருக்கலாம்.

விசாரணை முடிந்தபின் அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன்மேல் தொழிலாளியின் கருத்தைக் கேட்டபின்பே தண்டனை முடிவாகவேண்டும் என்பது 1993ஆம் ஆண்டு ஈ.சி.ஐ.எல். வழக்கில் ஏற்பட்ட விதி. இப்படிக் கருத்துக் கேட்டு வரும் இரண்டாவது ஷோகாஸ் நோட்டீஸுக்குக் கொடுக்கும் பதில், தண்டனையின் அளவைப் பற்றிப் பேசுவதற்கென்றே அமைந்த சந்தர்ப்பம். அங்கேயும் குற்றத்தை மறுப்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி மூன்று பக்கம் நிரப்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. சர்வீஸ் எத்தனை வருஷம், முன் தண்டனை உண்டா, இதே குற்றத்துக்கு முன்பு வேறொருவருக்கு என்ன தண்டனை கொடுத்தார்கள், சம்பவத்தால் ஸ்தாபனத்துக்கு நேர்ந்த நஷ்டம் என்ன என்பவற்றை அங்கே எழுதவேண்டும். சக தொழிலாளி ஒருவர் அதே குற்றத்துக்கு நான்கு நாள் சஸ்பென்ஷனோடு தப்பினார் என்ற விவரம், பத்துப் பக்க வாதத்தைவிட வலிமை வாய்ந்தது.

சில வேலைநீக்கங்களில் விசாரணையே நடப்பதில்லை. "எட்டு நாள் தொடர்ந்து வரவில்லை, ஆகவே நீரே வேலையை விட்டுவிட்டதாகக் கருதப்படுகிறது" என்று நிலையாணையைக் காட்டிப் பெயரை அடித்துவிடுவார்கள். அவ்வாறு விசாரணையின்றி அடிப்பது செல்லாது என்று 1993ஆம் ஆண்டு யாதவ் வழக்கில் உச்சநீதிமன்றம் முடிவுசெய்திருக்கிறது. விசாரணை நடந்திருந்தாலும், வேறொரு தகராறு தீர்ப்பாயத்தில் நிலுவையிலிருக்கும்போது சம்பந்தப்பட்ட தொழிலாளியை நீக்கினால், ஒரு மாதச் சம்பளம் கொடுத்துத் தீர்ப்பாயத்தின் அங்கீகாரமும் கேட்கவேண்டும். அங்கீகாரம் பெறாத வேலைநீக்கம் நிகழாததற்கே சமம் என்று 2002இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. சங்கச் செயலாளர்கள் தங்கள் மில்லில் என்னென்ன வழக்குகள் நிலுவையிலிருக்கின்றன என்று கைவசம் குறித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

வேலைநீக்க உத்தரவு வந்தபின் லேபர் ஆபீஸில் சமரச அதிகாரியிடம் மனுக்கொடுப்பது முதற்படி. தனியொரு தொழிலாளியின் வேலைநீக்கமும் தொழில் தகராறுதான் என்று 1965ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 2ஏ பிரிவு சொல்லிற்று. அதற்குமுன் சங்கமோ சக தொழிலாளர்களோ கைகொடுத்தாலன்றி வழக்கே கிடையாது. அரசாங்கம் வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும்வரை காத்திருக்கவேண்டிய கஷ்டத்தைத் தமிழ்நாடு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீக்கிவிட்டது. மத்தியச் சட்டம் 2010இல்தான் அந்த வழிக்கு வந்தது. சமரச மனுக்கொடுத்து 45 நாள் கழிந்தால் தீர்ப்பாயத்துக்கு நேரே போகலாம். மூன்று வருஷமாக இருந்த கடைசிக் கெடு, புதிய தொகுப்பில் இரண்டு வருஷமாகக் குறுகியிருக்கிறது. கெடுவை நம்பிச் சும்மாயிருப்பது எவ்விதத்திலும் புத்திசாலித்தனமாகாது. சாட்சிகள் ஊர்மாறிப் போவார்கள், வருகைப் பதிவேடு காணாமற்போகும்.

தீர்ப்பாயத்தில் கோரிக்கை மனு எழுதும்போது உள் விசாரணையின் குறைகளை ஒவ்வொன்றாகப் பக்க எண்ணுடன் குறிப்பிடவேண்டும். விசாரணை முறையானதா என்பதைத் தீர்ப்பாயம் முதலில் ஆராய்வது வழக்கம். முறையற்றது என்று முடிவானால் நிர்வாகம் அதோடு தோற்றுவிடுவதில்லை. குற்றத்தைத் தீர்ப்பாயத்திலேயே புதிதாகச் சாட்சி வைத்து நிரூபிக்க அதற்கு உரிமையுண்டு. அந்த அனுமதியைத் தன் எதிருரையிலேயே கேட்டிருக்கவேண்டும் என்று 2001ஆம் ஆண்டு லக்ஷ்மிதேவம்மா வழக்கில் கூறப்பட்டது. நிர்வாகத்தின் எதிருரை கைக்கு வந்ததும் அந்த வேண்டுகோள் உண்டா என்று முதலில் தேடிப் பார்ப்பது தொழிலாளியின் பிரதிநிதிக்கு அழகு. உள் விசாரணையில் சாட்சியச் சட்டத்தின் நுணுக்கங்கள் முழுதும் பொருந்தா என்பதையும் மறக்கலாகாது. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கவில்லை என்று செக்கிங் இன்ஸ்பெக்டர் எழுதினால், பயணிகளை நேரில் அழைத்து விசாரிக்கவில்லையே என்ற ஆட்சேபம் மட்டும் கண்டக்டரைக் காப்பாற்றாது என்று 1977ஆம் ஆண்டிலேயே முடிவாகியிருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கே வருவோம். ஒரே மாதிரியான குற்றங்களுக்கு உச்சநீதிமன்றமே வெவ்வேறு விடைகள் கூறியிருப்பதைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். மேலதிகாரியைத் தகாத சொல் சொன்னதற்காக வேலையிழந்தவர்களை 1982இலும் 1984இலும் வந்த தீர்ப்புகள் மீண்டும் வேலைக்கு அனுப்பின. 2005இல் வந்த மற்றொரு தீர்ப்பு அதே வகைக் குற்றத்துக்கு வேலைநீக்கத்தை ஏற்றுக்கொண்டது. அதே 2005இல், வேலை நேரத்தில் இரும்புத் தகட்டின்மேல் படுத்து உறங்கிய புனே தொழிலாளி ஒருவரின் நீக்கமும் உறுதிசெய்யப்பட்டது. நுணுகிப் பார்த்தால் முரண்பாடு அவ்வளவாக இல்லை. 1982ஆம் ஆண்டு வழக்கில் வந்த தொழிலாளி நெடுங்கால சர்வீஸில் களங்கமற்றவர். உறங்கியவரோ முன்பும் குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர். ஆகவே தண்டனையின் நியாயம் குற்றத்தின் பெயரில் அடங்கியிருக்கவில்லை. குற்றம் செய்தவரின் முழு வரலாற்றிலும், சம்பவம் நிகழ்ந்த சூழ்நிலையிலும் அடங்கியிருக்கிறது. பண விஷயத்தில் மட்டும் நீதிமன்றங்கள் இரக்கத்துக்கு இடம்கொடுப்பதில்லை. கண்டக்டர் கையாடிய தொகை சிறிதா பெரிதா என்று பார்க்கவேண்டியதில்லை, நம்பிக்கை போய்விட்டதே போதும் என்பது அவற்றின் நிலையான நோக்கு. அத்தகைய வழக்கில் தொழிலாளியின் பக்கம் நிற்பவர் தண்டனையின் அளவைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காமல், கணக்குத் தவறு கவனப்பிசகா கையாடலா என்ற முதற்கேள்வியிலேயே முழுக் கவனத்தையும் செலுத்துவது நல்லது.

தீர்ப்பாயத்துக்குப் போகாமல் இரு தரப்பும் சேர்ந்து ஒருவரை நடுவராக வைத்துக்கொள்ளும் வழியொன்று 1956 முதல் சட்டத்தில் இருந்துவருகிறது. புதிய தொகுப்பும் அதைக் கைவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் இழுபடும் வழக்கைவிட அது விரைவானது. ஆனால் நடுவர் தொழிலாளிக்கு விரோதமாக முடிவுசெய்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். வேலைநிறுத்தத்தையொட்டி நூற்றுக்கணக்கானோரை ஒரே மாதிரிக் கடிதத்தால் நீக்கிய குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில், நடுவர் நிர்வாகத்தின் செய்கை சரியென்றார். உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. 1980இல் உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை, நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பில், தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கும்படி கூறியதோடு, தண்டனையை எடைபோடும் அதிகாரம் நடுவருக்கும் உண்டு என்றும் விளக்கியது. நடுவர் ஒப்பந்தத்தை எழுதும்போது, "வேலைநீக்கம் செல்லுமா?" என்று மட்டும் கேள்வியை வைக்காமல், "வேலைநீக்கம் நியாயமா, இல்லையேல் தொழிலாளிக்கு என்ன பரிகாரம்?" என்று வைக்கவேண்டும். பரிகாரம் என்ற சொல் விடுபட்டால், நியாயமில்லை என்று நடுவர் சொன்னபிறகும் சம்பளப் பாக்கிக்கு மறுபடி அலைய நேரும். முறையான வடிவில் கையெழுத்திட்டு, நகலை அரசாங்கத்துக்கும் சமரச அதிகாரிக்கும் அனுப்பவும் தவறக்கூடாது.

சம்பளப் பாக்கி, அதாவது மில் பேச்சில் பேக் வேஜஸ் எனப்படுவது, தனியாகக் கேட்கவேண்டியது. நியாயமற்ற நீக்கம் என்று முடிவானால் முழுப் பாக்கியும் கொடுப்பதே சாதாரண நியதி என்று 2013ஆம் ஆண்டு தீபாலி சுர்வாசே வழக்கில் உச்சநீதிமன்றம் எடுத்துரைத்தது. அதைப் பெற, வேறு வேலையில்லாமல் இருந்தேன், அல்லது இன்ன கூலிக்கு இன்ன வேலை செய்தேன் என்று தொழிலாளி மனுவிலும் கூண்டிலும் சொல்லவேண்டும். அங்கங்கே கிடைத்த கூலிவேலையை மறைப்பது தேவையற்ற பயத்தால் வருவது; உயிர்வாழ ஏதோ செய்தவன் என்பதற்காக எந்த நீதிபதியும் கோபிப்பதில்லை, மறைத்தவன் என்று கண்டால்தான் மற்ற சாட்சியத்திலும் சந்தேகம் விழும்.

தீர்ப்பு சாதகமாக வந்து 30 நாள் கழிந்தால் அது அமலுக்கு வரும். நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கினாலும், தொழிலாளி வேலையற்றிருப்பதாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல்செய்தால், வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தைப் பெற வழியுண்டு; இதைக் கேட்காமலே வருஷங்களைக் கழித்தவர்கள் உண்டு. தடையேதும் இல்லையென்றால், தீர்ப்பின் நகலுடன் வேலைக்கு வரச் சித்தமாக இருப்பதாக ஒரு கடிதத்தை முன்கூட்டித் தபாலில் அனுப்பிவிட்டு, சங்க நிர்வாகி ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, தம் பழைய ஷிப்ட் நேரத்துக்கே கேட்டுக்குப் போகவேண்டும். வாட்ச்மேன் உள்ளே விடவில்லையானால் வாக்குவாதம் செய்யாமல், வந்த நேரத்தையும், பேசியவரின் பெயரையும், அவர் சொன்ன காரணத்தையும் அங்கேயே நின்று எழுதி, உடன் வந்தவரின் கையெழுத்தும் வாங்கி, அன்று மாலைக்குள் அதை நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒரு பிரதியை லேபர் ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.